மறு: ஹெரிடேஜ் ரயில்ரோடு, எக்ஸ்கர்ஷன் டிரெய்ன்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் ஐயா,

பழைய ரயில்பாதையைக் காப்பாற்றி, பழைய வண்டிகளை ஓட்டிக் காட்டும் 'ஹெரிடேஜ் ரயில்ரோடு'க்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம், சரி. ஆனால் அதற்கு வந்த 'பழவண்டி' மட்டும் வேண்டாமே. இலக்கணப்படி குறையில்லை, பழமொழியும் பழம்பாடலும் இருக்கத்தானே செய்கின்றன. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் கொய்யாவும் சப்போட்டாவும் கூவி விற்கிற தள்ளுவண்டிதான் தெருமுனையில் வந்து நிற்கிறது.

இதுவரை வந்த சொற்கள் எல்லாமே 'வண்டி' அல்லது 'ரயில்' என்று முடிகின்றன. எனக்கு அங்கேதான் இடிக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள ஸ்ட்ராஸ்பர்க் ரயில்ரோடைப் பாருங்கள். 1832இல் அரசு அனுமதி பெற்ற பாதை, கைவிடப்படும் நிலைக்கு வந்தபோது 1958இல் ரயில் பித்துப் பிடித்த சிலர் சேர்ந்து வாங்கி, அடுத்த ஆண்டே பயணிகளை ஏற்றி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். நீராவி என்ஜினும் மரப்பெட்டிகளும் பழையவைதான், ஆனால் பல வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. 90ஆம் எண் என்ஜின் கொலராடோவில் சர்க்கரை ஆலைக்கு பீட் கிழங்கு இழுத்துக்கொண்டிருந்தது! வண்டி எங்கிருந்தும் வரலாம், காப்பாற்றப்பட்டது பாதை. கூடவே பட்டறையும் அதில் கொதிகலன் வேலை தெரிந்த கைகளும். இன்னமும் சரக்கும் ஏற்றுகிறார்கள், ஆகவே 'சுற்றுலா ரயில்' என்பதும் ஒட்டாது.

என் பரிந்துரை: மரபுத்தடம்.

'பாரம்பரிய ரயில்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே என்பீர்கள். ஊட்டி மலை ரயில் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம், சரி. ஆனால் பாரம்பரிய அரிசி, பாரம்பரிய வைத்தியம் என்று அந்தச் சொல்லைக் கண்டபடி இழுத்துத் தேய்த்துவிட்டார்கள். மரபுக்கும் மரபணு, மரபுக்கவிதை என்று வேறு வேலைகள் உண்டுதான், இருந்தாலும் மூன்றெழுத்து.

அப்புறம், எக்ஸ்கர்ஷன் டிரெய்னுக்கு, அதாவது சும்மா போய்ச் சுற்றிப் பார்த்துத் திரும்பும் வண்டிக்கு, 'உலா ரயில்'. உற்சவர் வீதி உலா போனால் கோயிலுக்கே திரும்புவார் அல்லவா? ஸ்ட்ராஸ்பர்க் வண்டியும் பாரடைஸ் என்ற ஊர்வரை போய், என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வருகிறது. சொர்க்கத்துக்குப் போய்வர முக்கால் மணி நேரம்!

---

தம்பி,

உலா ரயில் பிரமாதம். 'தடம்' இடறுகிறது. பேருந்தில் 'தடம் எண்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததில்லையா? மரபுத்தடம் என்றதும் பழைய கோயில்களைச் சுற்றிக்காட்டும் நடைப்பயணம் என்றுதான் நான் நினைத்தேன். ரயில் வாடையே இல்லை. 'மரபு இருப்புப்பாதை' என்றால் என்ன?

---

ஐயா,

தடம் எண் எனக்குத் தோன்றவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருப்புப்பாதை என்று இப்போது யார் சொல்கிறார்கள், ரயில்வே காவல் நிலையப் பெயர்ப்பலகையும் பாடப்புத்தகமும் தவிர? 'மரபு ரயில்பாதை' என்று வைத்துக்கொள்வோம். பாதை என்று முடிகிறது, எனக்கு அது போதும்.