புதுப்பிப்பு: அம்மாவின் கண்குழி வீக்கம், இழையப் பரிசோதனைக்குப் பின்

திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் என் அம்மாவின் வலது மேலிமை வீங்கி, கண் சற்று முன்தள்ளியிருப்பதையும், அது புற்றுநோயோ என்ற அச்சத்தையும் நான்கு மாதங்களுக்கு முன்னர் எழுதியிருந்தேன். எம்.ஆர்.ஐ. படத்தில் கண்ணீர்ச் சுரப்பியை ஒட்டி ஒரு திரட்சி தெரிந்தது. உடனே ஸ்டீராய்டு தொடங்குமாறு நான் வற்புறுத்தியபோது, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் அம்மருந்துக்குத் தற்காலிகமாகச் சுருங்கிவிடும் என்பதால், இழையத்தை எடுத்துப் பார்க்குமுன் கொடுத்தால் உண்மையான நோய் மறைந்துவிடக்கூடும் என்று கூறி கொழும்பு வைத்தியர் மறுத்துவிட்டார். அன்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அவர் செய்ததே சரி.

இழையத்தில் புற்றணுக்கள் இல்லை. ஐஜிஜி4 என்ற பிறபொருளெதிரியைச் சுரக்கும் பிளாஸ்மா கலங்கள் (ஒருவகை நோயெதிர்ப்புக் கலங்கள்) மிகுந்திருந்தன; ஐஜிஜி4 சார்ந்த நோய் என்றார்கள். இந்நோய் கணையம், உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம் ஆகியவற்றையும் தாக்கக்கூடியது என்பதால் வயிற்றையும் ஸ்கான் செய்தார்கள், அங்கு ஒன்றுமில்லை. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கியது. பத்தாம் நாள் காலை, காணாமற்போயிருந்த இமைமடிப்பு மீண்டும் தெரிவதை அம்மா கண்ணாடியில் விரலால் தொட்டுக் காட்டினார். ஆனால் அம்மருந்தால் இரத்தத்தில் சீனி ஏறியது. சோற்றைக் குறைக்கச் சொன்னதுதான் அவருக்குப் பெருந்துயரம்.

இப்போது 10 மில்லிகிராம். குளிசையைக் குறைக்கையில் வீக்கம் திரும்பினால் ரிட்டுக்சிமாப் என்ற, நோயெதிர்ப்புக் கலங்களைக் குறைக்கும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம் என்றிருக்கிறார் வைத்தியர்.