'கொகுஹகு': தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் ஜப்பானிய வகுப்புக்கான சொற்பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கொகுஹகு' என்னும் சொல்லுக்கு எதிரே மட்டும் இன்னும் இடம் வெறுமையாக உள்ளது. பள்ளிக் கட்டடத்தின் பின்புறத்துக்கு ஒருவரைத் தனியே அழைத்து, தலை தாழ்த்தி, 'சுகி தெசு, ட்சுகியத்தே குதசாய்' (பிடித்திருக்கிறது, என்னோடு பழகுங்கள்) என்று சொல்லிவிட்டு விடைக்காகக் காத்து நிற்பதையே அச்சொல் குறிக்கிறது. எதிரில் நிற்பவர் இசைந்தால், பெரும்பாலும் அன்றிலிருந்துதான் இருவரும் காதலர்.

முன்பு பரிந்துரைத்த 'காதல் ஒப்புதல்' எனக்கு உடன்பாடன்று. பாவத்தை அறிக்கையிடுவதற்கும் ஜப்பானியத்தில் இதே சொல் வழங்குவது உண்மைதான். ஆனால் தமிழில் 'ஒப்புதல்' என்றதும் வாக்குமூலம் நினைவுக்கு வருகிறது. அதைவிடப் பெரிய இடர், ஒப்பியவர் சொன்னவரா கேட்டவரா என்பது விளங்காமற் போவது. 'அவள் ஒப்புதல் தந்தாள்' என்று ஒரு மாணவி எழுத, சொன்னவள் கேட்டவளாகிவிட்டாள்.

'தன்னுறு வேட்கை கிழவன்முற் கிளத்தல் எண்ணுங் காலைக் கிழத்திக் கில்லை' என்கிறது தொல்காப்பியம். அதிலிருந்து 'வேட்கை கிளத்தல்' (விருப்பத்தை எடுத்துச் சொல்லுதல்) என்பதை எடுத்துக்கொள்ளலாமா?

———

ஐயா, பெண்ணுக்கு இல்லையென்று விலக்கிய நூற்பாவிலிருந்தா இச்சொல்லை எடுப்பது? ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண்களே சாக்லேட் கொடுத்து மனத்தைச் சொல்கிறார்கள். ஆண்களின் கைம்மாறு மார்ச் 14-இல்தான் வருகிறது. மேலும் 'கிளத்தல்', 'கிளவி' இரண்டும் ஒரே வேரின என்று நான் முன்பே எழுதினேன். அதை மீண்டும் வலியுறுத்துகிறேன். ஆயினும் பள்ளி மாணவருக்குக் 'கிளத்தல்' புரியாது. 'காதலைச் சொல்லுதல்' என்பதில் என்ன குறை?

———

விலக்குவதற்கே அச்செயலுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது என்பதுதான் என் வாதம். 'காதல்' என்ற சொல்லே இங்கு மிகையோ என்றும் ஐயுறுகிறேன். 'ஐஷிதேரு' (காதலிக்கிறேன்) என்பதை ஜப்பானியர் அரிதாகவே வாய்விட்டுச் சொல்வார்கள். 'சுகி'யோ, 'எனக்குப் பிடிக்கும்' என்பதைப் போல, நேசிப்பவரை வினை செய்பவராக முன்னிறுத்தாத சொல். ஜப்பானின் பழம்பாடல் தொகுப்பான மான்யோஷூவில் 'கொய்' என்னும் காதலை, தனிமைக்கும் துயருக்கும் உரிய இரண்டு எழுத்துகளால் ஒலிக்குறியாக எழுதிய இடங்கள் பல உண்டு. அந்தத் தனிமையிலிருந்து ஒருவர் வாய்திறக்கும் கணத்துக்கு 'சொல்லுதல்' போதுமா?

வந்த மடல்களில் பெரும்பாலானவை 'காதலுரைத்தல்' என்பதையே ஏற்பதால், வேறு வழியின்றி அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். ஆனால் 'குதசாய்' என்னும் வேண்டுதல் அதில் விடுபடுகிறது. அகப்பொருளில் தலைவன் தோழியிடம் குறையிரந்து நிற்பான்; ஜப்பானியச் சிறுவன் விரும்பியவளிடமே நேராகக் குறையிரக்கிறான். அடுத்த பதிப்பின்போது 'குறையிரத்தல்' என்பதை மீண்டும் முன்வைப்பேன்.

அன்புடன்.