காப்பு வரிசை ஒன்றா இரண்டா? தேக்குக் கூட்டுப் பரிசோதனை பற்றிய வாதம்

கட்டுக்கரை:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "கந்தளாய்ப் பக்கம் இரண்டரை மீற்றர் இடைவெளியில் நட்ட தேக்கு. 100 மரத்தையும் அளந்தாச்சு, நல்லாப் பருத்திருக்கு. ஐதாக்கல் தேவையே இல்லை." ஐதாக்கல் என்றால் நெருக்கம் குறைய இடையில் சில மரங்களை வெட்டுவது. இப்போது அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டு, இந்த மாரிக்கு ஆறு காணியில் சேர்ந்து நடப்போகிற செறிவு நடுகைப் பரிசோதனைக்கும் காப்பு வரிசை, அதாவது சுற்றிவர நட்டு அளவீட்டில் சேர்க்காமல் விடும் மரங்கள், வேண்டாம் என்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

10க்கு 10 நட்டால் வெளிச்சுற்றில் மட்டும் 36 மரம். அவற்றுக்கு ஒரு பக்கம் திறந்த வெளிச்சம், வேருக்கும் போட்டி குறைவு. உள்மரம் 40 செ.மீ. சுற்றளவு, ஓரமரம் 50 என்று வையுங்கள். குறுக்குப் பரப்பு சுற்றளவின் வர்க்கத்தோடு போகும். ஓரமரம் உள்மரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். 36 ஓரமரத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் தோட்டத்தின் பருமன் 20 வீதம் கூடித் தெரியும். மரம் பருக்கவில்லை, கணக்குத்தான் பருத்திருக்கு. சுற்றிவர இரண்டு வரிசை காப்பு வேண்டும். இரண்டு.

பன்குளத்தான்:
அண்ணை, ஒரு வரிசை காணும். ஓரமரம் எண்டு நீங்க கணக்குக் காட்டினது வெளிச்சுற்று 36ஐத்தானே? அதை விட்டிட்டா உள்ளே 64 மரம் கிடக்கு. இரண்டு வரிசை விட்டா மிச்சம் 36. அதில பாதியை ஐதாக்கினா 18. யானை ரெண்டை முறிச்சா 16. பதினெட்டில ஒரு மரம் போனாலே ஐஞ்சரை வீதம் போச்சு. இதை வைச்சு என்னத்தை நிரூபிக்கப் போறீங்க?

மூதூர்ப் பக்கம்:
ஒரு கேள்வி. செறிவு நடுகை எண்டு எதைச் சொல்றீங்க? நெருக்கி நடுறதையா, இல்லாட்டி களை, பசளை, ஐதாக்கல் எல்லாம் திட்டம் போட்டுச் செய்றதையா? அதை முதல்ல முடிவாக்கினா நல்லம்.

கட்டுக்கரை:
பன்குளத்தான் தம்பி, வெளிச்சம் ஒரு வரிசையோடு நின்றுவிடும். வேர் நிற்காது. இங்கே நாலு துண்டு: ஒன்றும் செய்யாதது, ஐதாக்கியது, பசளை போட்டது, இரண்டும் செய்தது. பக்கத்துப் பக்கத்துத் துண்டுக்கு ஒவ்வொரு வரிசை விட்டால் அளக்கும் மரத்துக்கும் அடுத்த துண்டின் அளக்கும் மரத்துக்கும் இடையே ஏழரை மீற்றர்தான். துண்டின் எல்லை 3.75 மீற்றரில் வந்துவிடும். வளர்ந்த தேக்கின் பக்கவேர் அதைத் தாண்டிப் போய் அடுத்த துண்டின் யூரியாவை உறிஞ்சும். பிறகு "பசளையால் வித்தியாசம் இல்லை" என்று எழுதுவீர்கள். இரண்டு வரிசை விட்டால் இடைவெளி பன்னிரண்டரை மீற்றர்.

மரம் போதாதென்றால் துண்டைப் பெரிதாக்குங்கள். 12க்கு 12 நடுங்கள். 30 மீற்றருக்கு 30, அதாவது 900 சதுர மீற்றர், 36 பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு (ஒரு ஏக்கர் 160 பேர்ச்). உள்ளே அளக்க 64 மரம். நாலு துண்டும் ஒரு ஏக்கருக்குள் அடங்கும்.

பன்குளத்தான்:
ஒரு ஏக்கரைச் சும்மா குடுக்க இங்க ஆருக்கு வசதி? 10க்கு 10 எண்டா ஒரு துண்டு 25 பேர்ச், நாலும் 100க்குள்ள முடியும். ஒரு வரிசை காணும் எண்டுதான் திரும்பவும் சொல்றன்.

கட்டுக்கரை:
சும்மா கொடுப்பதா? காப்பு வரிசை வீண்மரம் என்று யார் சொன்னது? அதற்கும் அதே இடைவெளி, அதே பசளை, அதே ஐதாக்கல். வெட்டும்போது காசும் காணிக்காரருக்கே. கணக்கில் மட்டும் சேராது. இதுகூட விளங்காமல் வாதாடுகிறீர்கள்.

நாலாங்கட்டை:
வரிசையை விடுங்க. பசளைக்கு முதல் கினிப்புல்லைப் பாருங்க. களை எடுக்காத துண்டில யூரியாவைக் கொட்டினா தின்னுறது புல்லுதான். ஆள் உயரத்துக்கு எழும்பும், ஆடி ஆவணியில காயும், கச்சான் காத்துக்கு ஒரு பீடித்துண்டு போதும். நாலு துண்டும் ஒரே நாளில சாம்பல். முதல் மூண்டு வருசம் கன்றைச் சுத்தி ஒரு மீற்றர் வட்டம் சுத்தமா இருக்கோணும். கச்சானுக்கு முதல் வெளிய தீத்தடுப்புப் பாதை செருக்கோணும். யூரியாவை மூடாமல் மண்ணுக்கு மேல எறிஞ்சா ஒரு பகுதி காத்தோட போயிடும். மழை விழுந்து மண் நனைஞ்ச பிறகு, தண்டோட ஒட்டாமல், இலைவிரிவுக்குக் கீழ வட்டமாப் போட்டு மண்ணால மூடோணும்.

கட்டுக்கரை:
எல்லாம் சரி. அந்த வட்டத்துக்கு வெளியேயும் வேர் இருக்கிறது. அதனால்தான் இரண்டு வரிசை.

பன்குளத்தான்:
எதைச் சொன்னாலும் இரண்டு வரிசையிலயே வந்து நிக்கிறார். இவர்தான் போன தடவை சந்தனத்துக்குத் துணைமரம் தேவையில்லை எண்டு நிண்டவர்.

கட்டுக்கரை:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. சந்தனம் மற்றச் செடியின் வேரில் ஒட்டி வாழ்வது, துணை இல்லாமல் நிமிராது. நான் சொன்னது, தேக்குக்கு நடுவில் துணைமரம் தனியாக நட வேண்டாம் என்பது. திரித்துப் பேச வேண்டாம். காப்பு வரிசைக்குப் பதில் சொல்லுங்கள்.

நாலாங்கட்டை:
"ஐதாக்கல்" எண்டு எழுதினா எங்கட ஆக்களுக்கு விளங்காது. "இடைவெட்டு" எண்டு எழுதுங்க.

கட்டுக்கரை:
ஐதாக்கல் எங்கள் விவசாயப் பாடப் புத்தகத்துச் சொல். இடைவெட்டு என்றால் இடையில் நிற்பதை எல்லாம் வெட்டிவிடுவார்கள். 8, 9 மீற்றர் உயரம் வந்ததும் முதல் தடவை ஒன்றுவிட்டு ஒன்று, அடுத்த தடவை வளைந்ததையும் பிந்தியதையும் பார்த்து. அதைச் சொல்லும் சொல் வேண்டும்.

நாலாங்கட்டை:
சொல்லுக்குச் சண்டை பிடிக்கிற நேரம் அடிக்கட்டையைப் பாருங்க. வெட்டின தேக்கு சும்மா கிடக்காது, அடுத்த மழைக்கே கொத்துக் கொத்தாத் துளிர்க்கும். அதை முறிச்சுக்கொண்டே இருக்காட்டி இரண்டு வருசத்தில ஐதாக்கின துண்டும் ஐதாக்காத துண்டும் ஒண்டாப் போயிடும்.

பன்குளத்தான்:
இதை எல்லாம் விட்டிட்டு வரிசையை எண்ணிக்கொண்டிருக்கிறம். அமெரிக்காவில கம்பனிகள் ஆயிரக்கணக்கான ஏக்கரை வைச்சுக்கொண்டு கூட்டாய்வு செய்யுது. வட கரோலைனா அரச பல்கலைக்கழகத்தில 1969இல் பசளைக் கூட்டாய்வாத் தொடங்கினது, லொப்லோலி பைனுக்கு. ஒரிகனில 2007இல் தொடங்கினது டக்ளஸ் ஃபிர் எண்ட ஊசியிலை மரத்துக்கு. அவங்களுக்கு நாலு வரிசையும் விடலாம். அதைத் தம்பலகாமத்துக் காணியில கொண்டுவந்து போடாதீங்க.

கட்டுக்கரை:
அவர்களுடைய பசளை அளவைப் பார்த்து நானும் போடச் சொல்லவில்லை. அது பைன், அது அந்த மண். தேக்குக்குக் கல்சியம் வேண்டும், நீர் வடிய வேண்டும். நான் எடுத்துக்கொண்டது முறையை. ஒரு காணிக்காரர் தன் ஒரு காணியில் கண்டது அந்தக் காணியின் கதை. எல்லாரும் ஒரே இடைவெளி, ஒரே அளவீடு, ஒரே காப்பு என்று வைத்தால்தான் ஆறு காணியையும் ஒரு கணக்கில் சேர்க்கலாம். கூட்டாய்வின் பலனே அதுதான். ஒருவர் ஒரு வரிசை, மற்றவர் இரண்டு வரிசை என்றால் எதை எதோடு கூட்டுவது?

நாலு துண்டையும் மேட்டிலிருந்து குளம் நோக்கி இறக்கிக்கொண்டு போகவும் கூடாது. மேட்டில் நீர் வடியும் சிவப்புக் கபில மண், கீழே மாரி முழுக்க நீர் நிற்கும் மண். கீழ்த் துண்டில் எதைச் செய்தாலும் தேக்கு தோற்கும், தோற்ற பழியைப் பசளையில் போடுவீர்கள். நாலும் ஒரே சமவுயரத்தில் பக்கத்துப் பக்கத்தில். எந்தத் துண்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், நல்ல மூலையைப் பிடித்த வேலைக்கு ஒதுக்காதீர்கள்.

மூதூர்ப் பக்கம்:
செறிவு எண்டா என்ன எண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லல்ல.

பன்குளத்தான்:
சமவுயரம் சரி. சீட்டும் சரி. ஒரே காப்பு எண்டா எல்லாரும் ஒரு வரிசையே விடலாம்தானே? அதுவும் ஒரே முறைதான்.

கட்டுக்கரை:
எல்லாரும் சேர்ந்து ஒரே பிழையைச் செய்தால் சரியாகிவிடாது.

நாலாங்கட்டை:
அளவீட்டிலயே பிழை விடுறாங்க, அதை ஒருத்தரும் கதைக்கிறீங்க இல்லை. தேக்கு அடியில வரி வரியாப் புடைச்சிருக்கும். அதனாலதான் நிலத்தில இருந்து 1.3 மீற்றர் உயரத்தில சுற்றளவு எடுக்கிறது. ஒருத்தன் நெஞ்சைத் தொட்டு "இதுதான்" எண்டு பிடிக்கிறான், அடுத்த வருசம் கட்டையான ஒருத்தன் வந்து கீழ பிடிக்கிறான். தடியில 1.3 அளந்து வெட்டி எடுத்துக்கொண்டு போங்க. அந்த இடத்தில பெயின்ற்றால கோடு போடுங்க. கழண்டு தொங்கிற பட்டையைத் தட்டி விடுங்க. நாடா பின்பக்கம் சரிஞ்சிருக்கா எண்டு சுத்திப் போய்ப் பாருங்க. கணு இருந்தா மேலயும் கீழயும் ஒரே தூரத்தில அளந்து சராசரி. 40க்கு 42 எண்டு எழுதினா குறுக்குப் பரப்பில 10 வீதம் பிழை.

கட்டுக்கரை:
2 செ.மீ. நாடாப் பிழைக்கு இவ்வளவு கவனம், நல்லது. ஓரமரம் தருவது 10 செ.மீ. பிழை. அதற்கு மட்டும் ஏன் இந்தத் தாராளம்?

பன்குளத்தான்:
அந்த 10 நீங்க "வையுங்கள்" எண்டு வைச்ச 10. ஆரும் அளந்த 10 இல்லை.

கட்டுக்கரை:
அளந்து பாருங்கள் என்றுதானே கேட்கிறேன்! நேற்றைய பதிவுக்காரரிடம் அந்த 100 மரத்தின் தாள் இருக்கிறது. வெளிச்சுற்று, இரண்டாம் சுற்று, உள்ளே நிற்கும் 36 என்று மூன்றாகப் பிரித்துச் சராசரி போடட்டும். வரிசை இலக்கத்தோடு எழுதியிருந்தால் அரைமணி நேர வேலை. எழுதாவிட்டால் அந்த 100 மரத்தையும் அளந்ததே வீண்.

பன்குளத்தான்:
அவர் போட்டாலும் போடாட்டியும் ஐப்பசியில மழை விழ முதல் கயிறு பிடிச்சு முளை அடிக்கோணும். ஸ்டம்ப் கன்று (தண்டையும் வேரையும் கட்டையா வெட்டின நாத்து) பெருவிரல் மொத்தத்தில பாத்து எடுத்து வைச்சிருக்கு, அலவாங்கால குழி போட்டு வேரைச் சுத்தி மண்ணை இறுக்கினாச் சரி. காத்துப்பை விட்டா வேர் காஞ்சிடும் எண்டும் சொல்லிக் குடுத்தாச்சு. என்ர துண்டு 10க்கு 10, ஒரு வரிசை.

கட்டுக்கரை:
அப்படியானால் அந்தத் துண்டு கூட்டுக் கணக்கில் சேராது. ஐந்து காணியோடு செய்வோம்.

பன்குளத்தான்:
கணக்கு உங்கட வீட்டுச் சொத்தோ?

மூதூர்ப் பக்கம்:
எங்கட காணியில 12க்கு 12 வைக்க இடம் இருக்கு. ஆனா இரண்டரை மீற்றரா, மூண்டு மீற்றரா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. மூண்டு எண்டா ஒரு ஏக்கர் காணாது.