லீனியா டி-ஜெட்டில் கூடுதல் மீட்டர்: எதை வைப்பது, எதை விடுவது?

காட்பாடி டி-ஜெட்:
வணக்கம். என்னிடம் இருப்பது ஃபியட் லீனியா டி-ஜெட், 1.4 லிட்டர் பெட்ரோல் டர்போ. கம்பெனி கணக்கில் 114 குதிரைத்திறன். இப்போது ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருள் மாற்றம்), பெரிய இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) இரண்டும் ஏறிவிட்டன. வாரநாளில் ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வருவேன், ஞாயிறு விடிகாலையில் ஏலகிரி. டேஷ்போர்டில் இரண்டு மீட்டர், மிஞ்சிப்போனால் மூன்று வைக்க ஆசை. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) நிச்சயம். அடுத்தது ஆயில் பிரஷரா, ஆயில் டெம்பரேச்சரா, வைட்பேண்ட் ஏஎஃப்ஆரா (காற்று-பெட்ரோல் கலவை விகிதம் காட்டுவது)? பட்ஜெட் 20 ஆயிரம். ஏ பில்லரில் (முன் கண்ணாடியின் ஓரத் தூணில்) வைக்கலாமா? நான் இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்த படத்தை அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இது கார் ஓட்டவா, கரண்ட் ஆபீஸ் நடத்தவா?" என்று கேட்டார். அவருக்குச் சொல்லவும் ஒரு நியாயம் வேண்டும்.

சத்துவாச்சாரி ரைடர்:
பெரிய காசு போடுமுன் ஒரு ஓபிடி டாங்கிள் (காரின் கம்ப்யூட்டர் சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவி) வாங்கி போனில் ஆப் போட்டுப் பாருங்கள் நண்பா. பூஸ்ட், கூலன்ட் சூடு, உள்ளே போகும் காற்றின் சூடு எல்லாம் வந்துவிடும். கொஞ்சம் தாமதமாகக் காட்டும், அவ்வளவுதான். ஆயில் பிரஷர் மட்டும் அதில் எதிர்பார்க்காதீர்கள்.

பாகாயம் வயர்மேன்:
தம்பி, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: முள் தப்பான இடத்துக்குப் போனால் நான் என்ன செய்வேன்? ஆயில் பிரஷர் விழுந்தால் காலை எடுத்து, ஓரம் கட்டி, இன்ஜினை அணைப்பீர்கள். ஆயில் சூடு ஏறினால் மெதுவாகப் போவீர்கள். பூஸ்ட் மீட்டரைப் பார்த்து என்ன செய்வீர்கள்? இன்னும் கொஞ்சம் மிதிப்பீர்கள். ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன், என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள்.

முதல் மீட்டர் ஆயில் பிரஷர். டேஷில் இருக்கும் சிவப்பு விளக்கை நம்பி உட்காராதீர்கள். பெரும்பாலான கார்களில் பிரஷர் ஏறக்குறைய அரை பாருக்குக் கீழே போனால்தான் அந்த சுவிட்ச் விளக்கைப் போடும். 5,000 ஆர்பிஎம்மில் பிரஷர் ஒரு பாருக்கு இறங்கினாலும் அது வாயே திறக்காது. அதற்குள் பேரிங் தேய்ந்திருக்கும். டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றுகிறது, அதைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலம். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய பட்டறைக் கணக்கு, குத்துமதிப்புதான். உங்கள் வண்டி சூடான பிறகு ஐடிலில் எவ்வளவு, 3,000-ல் எவ்வளவு என்று முதல் வாரமே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது மாறினால்தான் செய்தி.

இரண்டாவது ஆயில் சூடு. கூலன்ட் 90 டிகிரி தொட்டபோதும் ஆயில் 60-ல் தூங்கிக்கொண்டிருக்கலாம். வேலூர் வெயிலில் காலையிலேயே இன்ஜின் சூடாகத்தானே இருக்கிறது என்று நினைத்து, கிரீன் சர்க்கிள் தாண்டியதும் மிதிக்கிறார்கள். ஆயில் 80 வரும்வரை பூஸ்ட்டில் ஏறாதீர்கள். மேல்பக்கம் 130 என் எல்லை. கம்பெனி கூலன்ட் முள்ளை வைத்து இதை ஊகிக்கவும் முடியாது. பல கார்களில் 75 முதல் 105 வரை எங்கே இருந்தாலும் அது நடுவிலேயே நிற்கும், ஓட்டுகிறவர் பயப்படக்கூடாதென்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

வைட்பேண்ட் இப்போதைக்கு வேண்டாம். ரீமேப் செய்தவரிடம் அது இருக்க வேண்டும். இன்ஜெக்டரோ டர்போவோ மாற்றும் அன்று நீங்களும் வாங்குங்கள். வைத்தால் லாம்டாவில் படியுங்கள், எந்த எரிபொருளானாலும் சரியான கலவைக்கு அதில் 1 என்றுதான் காட்டும். 14.7 என்பது கலப்பில்லாத பெட்ரோலுக்கான எண், பங்கில் இப்போது ஊற்றுவது இ20, 20 சதவீதம் எத்தனால் கலந்தது.

வயரிங்கில் ஒன்று. ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் அதன் மரையாணி வழியாகத்தான் போகிறது. லீக் ஆகக்கூடாதென்று டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் எர்த் கிடைக்காது, முள் கண்டபடி ஆடும். பிறகு மீட்டர் டூப்ளிகேட் என்று கடைக்காரனோடு சண்டை.

ஆம்பூர் டீசல்:
அண்ணா சொல்வதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூஸ்ட் மீட்டர் வெறும் பொம்மை இல்லை. என் வண்டியில் இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப் கிட்டே விட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, விளக்கும் எரியவில்லை. வழக்கமாக நிற்கும் இடத்துக்கு முள் வரவில்லை என்பதை வைத்துத்தான் பிடித்தோம். டீசல்காரர்களுக்கு என் ஓட்டு ஈஜிடி (புகையின் சூடு காட்டும் மீட்டர்), அதுவும் டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டில். 700 டிகிரியைத் தாண்டினால் நான் காலை எடுத்துவிடுவேன். பெட்ரோலுக்கு அந்தக் கணக்கு வேறு.

காட்பாடி டி-ஜெட்:
சரி, ஆயில் பிரஷர், ஆயில் சூடு, பூஸ்ட் மூன்றும் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். மெக்கானிக்கல் ஆயில் மீட்டர் விலை குறைவாக இருக்கிறதே, வாங்கலாமா? பூஸ்ட் ஹோஸை எங்கே தட்டுவது?

பாகாயம் வயர்மேன்:
ஆம்பூர் தம்பி சொன்னது நியாயம். மூன்றாவதாகப் பூஸ்ட் இருக்கட்டும்.

மெக்கானிக்கல் ஆயில் மீட்டர் வேண்டாம். கொதிக்கும் ஆயில் ஒரு மெல்லிய குழாயில் உங்கள் முழங்காலுக்கு மேலே வரைக்கும் வரும். எலக்ட்ரிக் வாங்குங்கள், எச்சரிக்கை அலாரம் உள்ளதாக. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் யார் முள்ளைப் பார்ப்பது?

பூஸ்ட் ஹோஸை த்ராட்டில் பாடிக்கு அப்பால், இன்டேக் மேனிஃபோல்டில் எடுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால் வேக்குவம் காட்டாது. பிரேக் பூஸ்டர் லைனில் கை வைக்கவே வேண்டாம். ஹோஸுக்கு இரண்டு பக்கமும் கிளாம்ப். ஏலகிரி மேலே ஐடிலில் வேக்குவம் கீழே காட்டியதைவிடக் குறைவாகத் தெரியும். பயப்படாதீர்கள், வெளிக்காற்றின் அழுத்தமே அங்கே குறைவு, மீட்டர் அதோடுதான் ஒப்பிட்டுக் காட்டுகிறது.

ஏ பில்லரில் கர்ட்டன் ஏர்பேக் இருக்கும் கார்களில் பாட் (மீட்டரைப் பொருத்தும் கூடு) வைக்கவே கூடாது. லீனியாவில் அந்தத் தொல்லை இல்லை, ஆனாலும் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு வையுங்கள். டபுள் டேப்பை நம்பாதீர்கள். கத்திரி வெயிலில் சிப்காட் பார்க்கிங்கில் நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் மீட்டர் உங்கள் மடியில் இருக்கும். ஸ்க்ரூ போடுங்கள். டிஜிட்டல் டிஸ்ப்ளே மத்தியானத்தில் வெளுத்துப்போகும், வெள்ளை டயலில் முள் உள்ளது நல்லது. விளக்கு வயரைப் பார்க்கிங் லைட்டோடு சேர்த்து மங்கலாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி கண்ணாடியில் மூன்று நிலா தெரியும். தனி ஃப்யூஸ் கட்டாயம்.

ஆயில் ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட் வைத்தால் பிரஷர், சூடு இரண்டு சென்சாரும் அதிலேயே ஏறும். பிளேட் ஆர்டர் போடுமுன் ஃபில்டரின் மரையை அளந்துகொள்ளுங்கள். ஆன்லைனில் "எல்லா காருக்கும் பொருந்தும்" என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்கினால் லேத் பட்டறைக்கு அலைய வேண்டிவரும். அடுத்த ஆயில் மாற்றும்போது சேர்த்துச் செய்யுங்கள், ஒரே செலவு. மாட்டியதும் பத்து நிமிஷம் ஐடிலில் விட்டு, அடியில் வெள்ளைப் பேப்பர் போட்டுப் பாருங்கள். அப்பாவிடம் அலாரத்தை மட்டும் காட்டுங்கள், பூஸ்ட் மீட்டரைப் பற்றி அவரே கேட்டால் பேசிக்கொள்ளலாம்.