ஆட்டுக்கு மேல்பல் இல்லையாம், அதனால கடிக்காதாம்!

கொம்பன்: தீனி ஊட்டுற மிருகக்காட்சி சாலைக்குக் குடும்பத்தோட போயிட்டு வந்த ஒரு மகான் எழுதியிருக்கார், "ஆட்டுக்கு மேல்பல்லே கிடையாது, குழந்தைங்க விரலை நீட்டினாலும் கடிக்காது, தைரியமா விடுங்க"ன்னு. யாரு சாமி நீங்க? ஆட்டுக்கு இல்லாதது மேல் முன்பல் மட்டும்தான். கடவாய்ப்பல் மேலயும் இருக்கு கீழயும் இருக்கு, பிஞ்சு விரல் அங்க வரைக்கும் போனா நசுங்கிடும்.

ஊர்சுற்றி: அந்த மகான் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். எங்க பசங்க கொண்டுபோன தீனி மொத்தமும் கையாலதான் ஊட்டினாங்க, ஒரு கீறல் இல்ல. மேல்பல் இல்லன்னு அங்க வேலை பாக்குறவரே சொன்னாரு.

கொம்பன்: மேல் முன்பல். முன். பல். அவரு சொன்னதுல பாதி மட்டும் உங்க காதுல விழுந்திருக்கு.

தாய்க்குலம்: பல்லை விடுங்கப்பா. விரல் நுனியில பிடிச்சு நீட்டாம, உள்ளங்கையை நல்லா விரிச்சு தீனியை நடுவுல வச்சு, கட்டைவிரலை ஒட்டி வச்சுக்கிட்டா வேலை முடிஞ்சது. அது சரி, வெளிய வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவினீங்களா? ஆட்டுச் சாணத்துல ஈ.கோலைன்னு ஒரு கிருமி இருக்கும், சின்னப் பிள்ளைங்களுக்கு அது வந்தா கிட்னி வரைக்கும் போகலாம்.

ஊர்சுற்றி: சானிடைசர் போட்டோம். போதுமா?

தாய்க்குலம்: போதாது. அழுக்குக் கையில அது சரியா வேலை செய்யாது. தண்ணியும் சோப்பும்தான்.

கொம்பன்: பேச்சை மாத்தாதீங்க. மேல இருக்கிறது கெட்டியான ஈறு, கீழ்ப்பல்லை அதுல அழுத்தித்தான் ஆடு புல்லைப் பிய்க்கும். மாடும் அப்படித்தான். ஒட்டகச்சிவிங்கிக்கும் மேல் முன்பல் கிடையாது, கிட்டத்தட்ட 45 சென்டிமீட்டர் நாக்கு, கருநீலமா இருக்கும், அதை நீட்டி இலையை வளைச்சு இழுக்கும். அதுக்கும் விரலை நீட்டச் சொல்லுவீங்களா?

ஊர்சுற்றி: ஒட்டகச்சிவிங்கியை யாரு கேட்டா? என் பசங்க ஆட்டுக்குத்தான் பிரெட் குடுத்தாங்க.

கொம்பன்: பிரெட்டா!!! நல்லா இருக்கு. அசைபோடுற மிருகம் அது, மாவுப் பொருள் அளவுக்கு மீறிப் போனா முதல் வயித்துல அமிலம் ஏறி செத்தே போகலாம். அங்க குடுக்குற தீனியைத் தவிர வேற எதுவும் குடுக்காதீங்கன்னு போர்டுல எழுதியிருக்குமே, அதை யாருக்கு எழுதி வச்சிருக்காங்க, ஆட்டுக்கா?

சும்மா_எட்டிப்பாத்தவன்: கொம்பன் அண்ணே, முயலுக்கு வாந்தி எடுக்க வராதுன்னு போன தடவை ஒரு வாரம் சண்டை போட்டீங்க, இப்ப பல்லா?

கொம்பன்: முயலுக்கு வாந்தி வராதுதான் தம்பி. அன்னைக்கு நான் சொன்னது சரி, உங்களுக்குத்தான் இன்னும் செரிக்கல.

சும்மா_எட்டிப்பாத்தவன்: ஆரம்பிச்சுட்டாரு.

ஊர்சுற்றி: எல்லாம் தெரிஞ்சவரு ஒரு தடவையாவது பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருக்காரா? என் பொண்ணு கையில ஆடு நக்கினப்ப அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, அது இந்தப் பல் ஆராய்ச்சியில கிடைக்குமா? ஒரு துண்டு பிரெட்டுல எந்த ஆடும் சாகல. மறுபடியும் சொல்றேன், ஆட்டுக்கு மேல்பல் இல்ல.

கொம்பன்: முன்பல்!!! இருங்க, மண்டையோட்டுப் படம் ஒண்ணு இருக்கு, தேடி எடுத்துப் போடுறேன்.

ஊர்சுற்றி: யாரோட மண்டை, உங்களோடதா?