1072 ஓட்டு எங்கிருந்து வந்தது?

பழைய கதர்:
இந்த இணைய மன்றத்தின் பக்கத்துத் திரியில் ‘நையாண்டி’ எழுதியதைப் படித்தேன். 2019 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் காங்கிரஸில் நடந்த தலைவர் தேர்தல் “டெல்லி நாடகக் கம்பெனி தயாரிப்பு” என்கிறார். 2022 அக்டோபரில் கார்கேவுக்கு 7897 ஓட்டு, தரூருக்கு 1072. நாடகம் என்றால் அந்த 1072 பேர் யார்? துணை நடிகர்களா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.

நையாண்டி:
வந்துட்டேன் அண்ணே. தோத்தது 2019 மே, ஓட்டுப் போட்டது 2022 அக்டோபர். ராகுல் ராஜினாமா பண்ணாரு, சோனியா இடைக்காலத் தலைவர் ஆனாங்க, அந்த இடைக்காலம் மூணு வருஷம் ஓடுச்சு. முதல்ல அப்போ ராஜஸ்தான் முதல்வரா இருந்த கெலாட்தான் தலைவர்னாங்க. அங்க அவர் ஆளுங்க முரண்டு பிடிச்சதும் கார்கே வந்தாரு. மேல முடிவு பண்ணிட்டு கீழ ஓட்டு. இதுக்குப் பேரு தேர்தலா?

பழைய கதர்:
நான் கேட்டது 1072. நீங்கள் காட்டுவது காலண்டர்.

வாக்குச்சீட்டு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முதலில் சீட்டில் பிடித்தவர் பெயருக்கு நேராக ‘1’ என்று எழுதச் சொன்னார்கள். வரிசையில் 1ஆம் எண்ணில் இருந்தவர் கார்கே! தரூர் தரப்பு ஆட்சேபித்த பிறகுதான் டிக் அடித்தால் போதும் என்றார்கள். அப்படியும் 416 செல்லாத ஓட்டு. போட்டவர்கள் அத்தனை பேரும் கட்சிப் பிரதிநிதிகள் என்பதை மறக்க வேண்டாம்.

நையாண்டி:
416! கதர் அண்ணன் இதைச் சொல்லவே இல்லையே? ஊருக்கெல்லாம் எப்படி ஓட்டுப் போடணும்னு சொல்லிக் கொடுத்த கட்சி.

பழைய கதர்:
செல்லாத ஓட்டு இல்லாத தேர்தல் எது? விழுந்த ஓட்டைப் பேசுங்கள். எல்லா மாநிலச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்துதான் எண்ணினார்கள். எந்த மாநிலம் யாருக்குப் போட்டது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 2000இல் சோனியாவை எதிர்த்த ஜிதேந்திர பிரசாதாவுக்குக் கிடைத்தது வெறும் 94. அங்கிருந்து 1072! தோற்ற தரூரை 2023இல் செயற்குழுவிலும் சேர்த்தார்கள். வேறு எந்தக் கட்சியில் இது நடக்கும், சொல்லுங்கள்.

நையாண்டி:
2000க்குப் போனவர் 1997ஐ ஏன் தாண்டிட்டீங்க? 1996ல தோத்து நரசிம்மராவ் விலகினதும் சீதாராம் கேசரி தலைவரா வந்தாரு. அடுத்த வருஷத் தேர்தல்ல கேசரிக்கு 6224, பவாருக்கு 882, ராஜேஷ் பைலட்டுக்கு 354. எதிர் ஓட்டைக் கூட்டுங்க, 1236 வரும். உங்க 1072ஐ விடக் கூட. அப்படி ஜெயிச்ச மனுஷனை 1998 மார்ச்ல செயற்குழு கூடி வீட்டுக்கு அனுப்பிருச்சு. ஓட்டுக்கு அவ்வளவுதான் மரியாதை.

பழைய கதர்:
1236 இரண்டு பேர் பிரித்துக்கொண்டது. 1072 தனி ஆளுக்கு விழுந்தது. கூட்டல் மட்டும் தெரிந்தால் போதாது தம்பி.

வாக்குச்சீட்டு:
தனி ஆள் கணக்கு என்றால் 1939 காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸிடம் தோற்ற பட்டாபி சீதாராமய்யா ஆயிரத்துக்கு மேல் வாங்கியிருக்கிறார். அவர் காந்தியின் வேட்பாளர். ஜெயித்த போஸ் மூன்றே மாதத்தில் ராஜினாமா.

பழைய கதர்:
போஸை இதில் இழுக்காதீர்கள்.

கிராமத்தான்:
நம்ம ஊர்க் கட்சிகள்ல இந்த நாடகம்கூடக் கிடையாதே. 2021ல தோத்த அதிமுக ஒத்தைத் தலைமைக்கு என்ன பாடு பட்டுச்சு? 2022 ஜூலை 11ல ஒரு பக்கம் பொதுக்குழு, இன்னொரு பக்கம் தலைமை அலுவலகத்துல அடிதடி. அடுத்த வருஷம் எடப்பாடி போட்டியே இல்லாம பொதுச்செயலாளர்.

அம்மா விசுவாசி:
அடிதடியை ஆரம்பிச்சது யாருன்னு முழுசா எழுதுங்க கிராமத்தான். பாதி சொல்லிட்டு நழுவுறது உங்களுக்குப் பழக்கம். போன திரியிலும் இதையேதான் பண்ணீங்க.

கிராமத்தான்:
போன திரியில ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

நையாண்டி:
அண்ணே, தரூர் ஓட்டுக் கேட்டு சத்தியமூர்த்தி பவனுக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கா? வந்த பிரதிநிதிகளை விரல் விட்டு எண்ணிடலாம். பெரிய தலைங்க எட்டிக்கூடப் பார்க்கல. வாக்காளர் பட்டியலை வெளியிடுங்கன்னு கார்த்தி சிதம்பரமே கேட்க வேண்டியதாப் போச்சு.

பழைய கதர்:
நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள். வெளியே முகம் காட்டப் பயந்தவர்கள் உள்ளே போய் டிக் அடித்திருக்கிறார்கள். இல்லையென்றால் 1072 எப்படி வரும்? நான் கதர் கட்ட ஆரம்பித்தபோது உங்களில் பாதிப் பேர் பிறந்திருக்கவே மாட்டீர்கள். எனக்குக் கட்சித் தேர்தல் பாடம் எடுக்கிறார்களாம்.

வாக்குச்சீட்டு:
உட்கட்சித் தேர்தல் நேர்மையானது என்று எதை வைத்துச் சொல்வது? அதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே. பட்டியல் வெளிப்படையா, தேதி யார் கையில்...

பழைய கதர்:
அதெல்லாம் அப்புறம். 1072க்கு இன்னும் பதில் வரவில்லை.

நையாண்டி:
416க்கும் வரல.

அம்மா விசுவாசி:
கிராமத்தான், என் கேள்வி அப்படியே நிக்குது.