ஸ்பிட்டி பயணத்துக்கு எந்த ஓபிடி ஸ்கேனர் (வண்டியோட கோளாறு கோடு படிக்கற கருவி) எடுக்கலாம்?

வண்டி பிஎஸ்6 டீசல் மஹிந்திரா தார், மணாலி வழியா காஸா. கையில இருக்கறது ஈஎல்எம்327 ப்ளூடூத் டாங்கிள் (வண்டியோட ஓபிடி சாக்கெட்ல மாட்டி போன் ஆப்ல படிக்கறது). பி0087 (ரயில் பிரஷர் குறைவு), பி0299 (டர்போ பூஸ்ட் குறைவு) மாதிரி இன்ஜின் கோடு படிக்க அது போதும். ஏபிஎஸ் (பிரேக்) கோடு, டிபிஎஃப் (டீசல் புகைக்கரியைப் பிடிக்கற ஃபில்டர்) கரி அளவெல்லாம் பொதுவான ஆப்ல பெரும்பாலும் வராது.

கவலையே டிபிஎஃப்தான். கிராம்பூ–பாட்டல் ரோட்டுல ஊர்ந்துட்டே போனா எக்ஸாஸ்ட் சூடு பத்தாம ரீஜென் (ஃபில்டர்ல சேர்ந்த கரியை எரிக்கறது) பாதியில நின்னுடும். கரி சேர்ந்து பி2463 வந்தா வண்டி லிம்ப் மோடுக்கு (பவரைக் குறைச்சு ஓடறது) போயிடலாம். கோடை அழிச்சா விளக்குதான் அணையும், கரி அப்படியே இருக்கும்.

நிறுத்தி வெச்சே ரீஜென் கட்டளை கொடுக்கற, நெட் இல்லாம ஓடற கையடக்க ஸ்கேனர் எது இந்த வண்டிக்கு ஒத்துவருது? போட்டுப் பார்த்தவங்க மாடலும் விலையும் சொல்லுங்க. வெறும் 'எல்லா வண்டிக்கும் ஆகும்'னு அட்டையில போட்டது வேண்டாம்.

டாங்கிளை ராத்திரி கழட்டிடுவோம். ஓபிடி சாக்கெட்டோட 16ஆவது பின்ல எப்பவும் பேட்டரி கரண்ட் இருக்கும்.